விதை குறைந்த கின்னோ

குளிர்காலம் பிறந்துவிட்டால் பஞ்சாபின் கடைவீதிகள் எல்லாம் பொன்னிறம் பெற்றுவிடுகின்றன. தள்ளுவண்டிகளில் கோபுரமாக அடுக்கிய கின்னோப் பழங்கள் ஒருபுறம். அவற்றைப் பிழிந்து, சிறிது கருப்பு உப்பும் தூவித் தரும் சாற்றுக்காரர் மறுபுறம். வடநாட்டில் வாழும் நம் சங்கத்து அன்பர்களுள் இதனைச் சுவைத்தறியாதார் இரார். தமிழகத்தில் நாம் கமலா ஆரஞ்சு என்று வழங்கும் இனத்தைச் சேர்ந்ததே இது. ஆயினும் தோல் சற்று இறுக்கம், சாறு மிகுதி, விதையோ மிக மிக மிகுதி.

கின்னோ இந்நாட்டுப் பழம் அன்று என்பதைப் பலர் அறியார். கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரத்து ஆய்வு நிலையத்தில், 1915ஆம் ஆண்டில், எச். பி. பிராஸ்ட் என்னும் அறிஞர் கிங், வில்லோ லீப் என்ற இருவகை மரங்களை மணம்புரிவித்தார். அவ்விரு பெயர்களின் சேர்க்கையே கின்னோ. தாய்வகையாகிய கிங் இந்தோசீனாவிலிருந்து அங்கே சென்றது; மற்றொன்று மத்தியதரைக் கடற்கரையின் செல்லப்பிள்ளை. 1935இல் வெளியிடப்பெற்ற இக்கலப்பினம் பின்னர் பிரிவினைக்கு முந்திய பஞ்சாபின் லயால்பூருக்கு வந்தது. 1950களில் அபோகர் வட்டாரத்தில் ஊன்றப்பெற்றது. பிறந்த மண்ணில் பெறாத பெயரை வந்த மண்ணில் பெற்றுவிட்டது. வேலை தேடி வந்து, வந்த ஊரிலேயே வீடு கட்டிக்கொண்ட நம்மவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

சண்டிகரில் நம் இல்லத்தின் பின்புறத்தில் ஒரு கின்னோ மரம் இருந்தது. 1996இல் ஒட்டுக்கன்றாக வைத்தோம். நான்காம் ஆண்டில் காய்த்தது. ஓர் ஆண்டு கிளை முறியக் காய்க்கும். கழிகளை முட்டுக் கொடுத்துத் தாங்குவோம். மறு ஆண்டு வாடகை தர மனமில்லாத குடித்தனக்காரரைப் போல நாற்பது ஐம்பது பழங்களோடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கின்னோவின் இயல்பு அது. மார்ச்சு மாதத்தில் பூக்கும்போது வீடு முழுவதும் நிறையும் மணத்திற்காக அக்குற்றத்தைப் பொறுத்துக்கொண்டோம்.

விதைக்கு வருவோம். ஒரு பழத்தை உரித்து எண்ணினால் இருபதுக்குக் குறையாது. சாறு பிழியும்போது விதை நசுங்கினால் கசப்பு இறங்கிவிடும். லிமோனின் என்னும் பொருள் விதையில் மிகுதியாக இருப்பதே காரணம். பிழிந்த உடனே இனிக்கும் சாறு ஒரு மணி நேரம் கழித்துக் கசப்பதும் இதன் திருவிளையாடலே.

நம் அன்னையார்க்கோ இவ்விதைகள் பெருஞ்செல்வம். அவர் கீழ்ப்பழனி மலைப்பக்கம் பிறந்தவர். தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களில் காப்பிச் செடிகளுக்கிடையே கமலா மரங்கள் செழித்திருந்த காலத்தைக் கண்டவர். அம்மரங்கள் இலை மஞ்சளித்து, கிளைகள் நுனியிலிருந்து காய்ந்து, தோட்டம் தோட்டமாக அழிந்ததையும் கண்டவர். ஆதலின் இங்கு வந்தது முதல், தின்ற பழத்தின் விதையை அவர் எறிந்ததில்லை. எலுமிச்சை இனத்து விதைகள் காய்ந்தால் முளைப்பாற்றல் இழக்கும். அன்றைய விதையை அன்றே மண்ணில் புதைத்துவிடுவார். ஆண்டுதோறும் பழைய டப்பாக்களிலும் உடைந்த வாளிகளிலும் பத்துப் பன்னிரண்டு நாற்றுகள் நிற்கும். மாற்றலாகிப் போகும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும் குங்குமம், வெற்றிலையோடு ஒரு கின்னோ நாற்றும் அவர் கையால் பெற்றே வண்டி ஏறும். ஹிசாருக்குச் சென்றன, ஸ்ரீகங்காநகருக்குச் சென்றன, ஜம்முவுக்கும் ஒன்று சென்றது. ஹிசாரிலிருந்து ஒன்பதாம் ஆண்டில் கடிதம் வந்தது: “மாமி கொடுத்த மரம் காய்த்துவிட்டது, அதே பழம்.”

அதே பழமாக இருந்ததில் மாயம் ஏதும் இல்லை. கின்னோவின் ஒரு விதையிலிருந்து பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட முளைகள் எழும். அவற்றுள் பல, மகரந்தச் சேர்க்கையால் உண்டானவை அல்ல. தாய்மரத்தின் திசுவிலிருந்தே தோன்றியவை. தாயின் அச்சே மகள். முள் மிகுதி, காய்க்க நாளாகும், வேரழுகலுக்கு எளிதில் இரையாகும் என்பனவே விதைக்கன்றின் குறைகள்.

சென்ற ஆண்டுக்கு முந்திய மழைக்காலத்தில் நம் மரத்தின் அடித்தண்டில் பிசின் கசியத் தொடங்கியது. பட்டை வெடித்தது. முப்பதை நெருங்கிய மரம். மருந்து பூசியும் தேறவில்லை. அவ்விடத்தில் எதை வைப்பது என்ற கேள்வி எழுந்தபோதுதான் இல்லத்தில் இரண்டு கட்சிகள் தோன்றின.

லூதியானாவின் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் விதை குறைந்த கின்னோ ஒன்றை உருவாக்கியிருக்கின்றனர். பி.ஏ.யூ. கின்னோ 1 என்பது அதன் பெயர். ஒரு பழத்தில் பத்துக்கும் குறைந்த விதைகளே. சிலவற்றில் ஒன்றுகூட இராது. ரிவர்சைடு நிலையத்தாரும் 2011இல் கின்னோ எல்.எஸ். என்று ஒன்றை வெளியிட்டனர். அதில் இரண்டு மூன்று விதைகளே. இரண்டும் ஒரே வழியில் பிறந்தவை. மொட்டுகள் உள்ள குச்சிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவர். உள்ளே மரபுத்தொகுதியில் சிற்சில இடமாற்றங்கள் நேரும். மரமும் பழமும் பெரிதும் பழையபடியே இருக்க, சூலும் மகரந்தமும் மட்டும் ஆற்றல் குன்றும்படி நேர்ந்த ஒரு கிளையை ஆயிரத்தில் தேடிப் பிடித்துப் பெருக்குவர். அடுத்த வீட்டு நண்பர், “அப்படியானால் பழத்தில் கதிரியக்கம் இருக்குமே!” என்று அஞ்சினார். அச்சம் வேண்டாம். கதிர் பட்டது முதற்குச்சியின்மீது, ஒரே ஒரு முறை. அதன் வழிவந்த கன்றுகளில் கதிரியக்கம் ஏதும் இல்லை.

கொல்லைப்புறத்திற்கு இவ்வகை பொருந்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. விதையற்றவை எனப்படும் சில கமலா வகைகள், தனித்து நின்றால்தான் விதையின்றிக் காய்க்கும். பக்கத்து வீட்டில் வேறு இன ஆரஞ்சு மரம் பூத்திருந்தால், தேனீ அங்கும் இங்கும் சென்று விதையை ஏற்றிவிடும். நகரத்து வீடுகளில் தேனீக்கு வேலி போட முடியுமா? கதிர்வீச்சால் பிறந்த இவ்வகைகளோ சூலிலேயே ஆற்றல் குன்றியவை. அண்டை மரத்தால் பெரிதும் மாறுவதில்லை. ஆண்டு முழுதும் பசுமை குன்றாதிருப்பதால் வாயிற்புறத்தில் அழகுக்காக வைப்பாரும் உளர்.

இவற்றையெல்லாம் எடுத்துரைத்தோம். அன்னையார் கேட்டது ஒன்றே: “விதையே இல்லாவிட்டால் ஊர் மாறிப் போகிறவர்களுக்கு எதையப்பா கொடுப்பது?”

“ஒட்டுக்கன்று வாங்கிக் கொடுக்கலாம், அம்மா.”

“வாங்கிக் கொடுப்பதற்கு நான் எதற்கு? கடைக்காரர் போதுமே.”

இதற்கு நம்மிடம் விடை இல்லை. மேலும் அவர் பக்கத்தில் அறிவியலும் சற்றே நின்றது. கமலா மரங்களைக் காயச்செய்யும் கொடிய நோய், ஒட்டுக் குச்சி வழியாகவும், இளந்தளிரில் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி வழியாகவும் பரவும். விதை வழியாகப் பரவுவதில்லை என்பர் ஆய்வாளர். மலைத்தோட்டங்கள் மறைந்ததைக் கண்ட ஒருவர் விதையை நம்புவது பேதைமை ஆகாது. ஒட்டுக்கன்று வாங்குவோர் சாலையோரத்தில் வாங்காமல், நோயற்ற தாய்மரத்திலிருந்து மொட்டு எடுக்கும் நாற்றங்காலில் வாங்க வேண்டுவதும் இதனாலேயே.

எனினும் மறுபக்கத்தில் நம் பேரன் இருந்தான். நான்கு வயது. குளிர்கால வெயிலில் பாட்டியார் நாற்காலி போட்டு அமர்ந்து, ஒவ்வொரு சுளையையும் நகத்தால் கீறி, விதையை நீக்கி அவன் வாயில் இடுவார். அவருக்கு வயது 84. சென்ற குளிர்காலத்தில் விரல்கள் நடுங்கத் தொடங்கின. ஒருநாள் நீங்காத விதையொன்று குழந்தையின் தொண்டையில் அடைத்து, முதுகில் தட்டித் தட்டி வெளிவந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து அவரே, “அந்தப் புதுக்கன்றையே கொண்டுவந்து வை” என்றார்.

பிப்ரவரி இறுதியில் வைத்தோம். பழைய குழியை விட்டுப் பத்தடி தள்ளி, மூன்றடிக் குழி. மேல்மண்ணும் மக்கிய தொழுவுரமும் கலந்து நிரப்பினோம். ஜட்டி கட்டி என்று இங்கு வழங்கும் காட்டெலுமிச்சையின் வேர்மீது கட்டிய கன்று. ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நிற்கவேண்டும். நீர் தண்டைத் தொடாதபடி அடியில் மண் அணைத்து, சுற்றிலும் வட்டமாக வாய்க்கால் எடுத்தோம். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை அவ்வப்போது கிள்ளிவிடாவிட்டால் கின்னோ போய்க் காட்டெலுமிச்சை ஆட்சிக்கு வந்துவிடும். முதல் இரண்டு ஆண்டுகள் பிஞ்சு தோன்றினாலும் உதிர்த்துவிடல் நலம்.

பழைய மரம் இறுதியாகக் கொடுத்தவை முப்பது பழங்கள் இருக்கலாம். அவற்றின் விதைகளை அன்னையார் ஒன்றும் விடாமல் ஊன்றியிருக்கிறார். இப்போது 46 நாற்றுகள், விரல் உயரத்தில், மாடிப்படியின் கீழ் நிற்கின்றன. வரும் மழைக்காலத்தில் இடம் மாற்றலாம். பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் பக்கங்களுக்கு மாற்றலாகிச் செல்லும் சங்க அன்பர்கள் மாலை வேளையில் நம் இல்லத்திற்கு வரின், ஆளுக்கு ஒன்று பெற்றுச் செல்லலாம். முள் குத்தும், சாக்குத் துணி ஒன்று உடன் கொணர்க.