தட்டியது யார்?

கார் இன்ஜினுக்கு வரும் வியாதிகளில் 'நாக்கிங்' ரொம்பப் பழசு. நூறு வயசு தாண்டிவிட்டது. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சீராகப் பரவி பிஸ்டனைத் தள்ள வேண்டும். அதற்குள் மூலையில் கிடக்கிற பெட்ரோல் ஆவி அவசரப்பட்டுத் தானாகவே வெடித்தால், உள்ளேயிருந்து ஆணியால் தட்டுகிற மாதிரி 'டிண்... டிண்...' முற்றினால் பிஸ்டனே உடையும். இதை அடக்கத்தான் 1921-ல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் பெட்ரோலில் ஈயக் கலவையைச் சேர்த்துப் பார்த்தார். தட்டல் நின்றது, ஊர்க் காற்றெல்லாம் ஈயம் ஆனது! இந்தியாவில் அதற்குத் தலைமுழுகியது 2000-ம் வருடம்.

இன்றைய கார்களில் காவலுக்கு இருப்பது நாக் சென்சார். குட்டி மெதுவடை மாதிரி, நடுவில் ஓட்டையோடு, இன்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். அதிர்ந்தால் மின்சாரமாகச் சொல்லும். 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் என்றால் நாக் சத்தம் விநாடிக்கு சுமார் 7,000 அதிர்வு. அந்த ஸ்வரம் கேட்டதும் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும். இன்ஜின் தப்பிக்கும், பவர் குறையும்.

இத்தனையும் பி.காம். பாடத்தில் கிடையாது. கோயமுத்தூரில் இருக்கும் என் அக்கா மகன் உபயம். பழைய ஹேட்ச்பேக் ஒன்றை வாங்கி, டர்போ வைத்து, ஃபோர்ஜ்டு பிஸ்டன் போட்டு, செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறான். (ரோட்டில் ஓட்ட மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு விடாது. அக்காவும் விட மாட்டாள்.) வண்டி இழுக்கவில்லை. லேப்டாப்பை மாட்டினால் வரிக்கு வரி 'நாக்... நாக்...'

''சென்சார் பொய் சொல்லுது மாமா. சென்ஸிடிவிட்டியைக் குறைச்சுட்டா முடிஞ்சுது'' என்றான். நாலு பட்டன் தட்டினால் போதும்.

எனக்கு இது பிடிக்கவில்லை. கணக்கு டேலியாகாதபோது வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய தப்புகள் அங்கேதான் சௌகரியமாகத் தூங்கும்.

கணபதி பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அறுபது வயசு இருக்கும். அவர் சொன்னார்: ''அது பொய் சொல்லலைங்க தம்பி. தட்டறது அதுக்குக் கேக்கும். யார் தட்டறாங்கன்னு தெரியாதுங்க.''

வாஸ்தவம். எவ்வளவு சத்தம் சகஜம், எதற்கு மேல் ஆபத்து என்ற அளவு, கம்பெனி இன்ஜினுக்காக எழுதியது. இவன் உள்ளே ஆளையே மாற்றிவிட்டான். ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும். அதனால் இடைவெளி கூடுதலாக விட்டுப் பொருத்துவார்கள். குளிர்ந்திருக்கும்போது அது சிலிண்டர் சுவரில் மோதி 'டக் டக்' என்னும்.

முதலில் சென்சாரின் போல்ட்டைப் பார்த்தார். 20 நியூட்டன் மீட்டர் முறுக்கு. கூடினாலும் குறைந்தாலும், அடியில் பெயின்ட் இருந்தாலும் கணக்கு மாறுமாம். அது சரியாகவே இருந்தது. அப்புறம் விடியற்காலைக் குளிரில் ஸ்டார்ட் பண்ணினார். நாக் கொட்டியது. இன்ஜின் சூடானதும் பாதிக்கு மேல் காணோம். நிஜ நாக் சூட்டில் அதிகமாகும், குறையாது. ஆக, போனதெல்லாம் பிஸ்டன் போட்ட சத்தம்.

மிச்சத்துக்கு, நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரை அழுத்தினார். சரியாக 3,200 ஆர்.பி.எம்.மில் மறுபடி நாக். பளு இல்லாத இன்ஜினில் நிஜ நாக் வருவது அபூர்வம். நீள ஸ்க்ரூடிரைவரின் நுனியை அங்கங்கே ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாயின் கிளாம்ப், பிளாக்கை உரசிக்கொண்டிருந்தது. நடுவில் ரப்பர் துண்டு செருகினார். நின்றது.

''நான்தான் சொன்னேனே, எல்லாம் பொய்'' என்று மருமகன் ஆரம்பித்தான்.

''இன்னும் ஒண்ணு இருக்குதுங்க'' என்றார்.

டிராக்கில் எடுத்த பதிவில் 5,000 ஆர்.பி.எம். பக்கம், இன்ஜின் நன்றாகச் சூடாகி முழு பளுவில் இருக்கும்போது, மூன்றாவது சிலிண்டரில் மட்டும் சில நாக். நூற்றுக்கணக்கான பொய்களுக்கு நடுவே கண்ணில் படாத நாலைந்து. ஸ்பார்க்கை 3 டிகிரி தாமதமாக்கி மறுபடி ஓட்டச் சொன்னார். அவை மட்டும் மறைந்தன. கிளாம்ப் உரசலாக இருந்தால் ஸ்பார்க்கைத் தள்ளிப் போட்டதற்கெல்லாம் அடங்காது.

மூன்றாவது பிளக்கைக் கழற்றி, பூதக்கண்ணாடியோடு அவனிடம் கொடுத்தார். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் மாதிரி புள்ளிகள். ஒன்றிரண்டு மினுமினுத்தன. அலுமினியம். பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்தது.

பையன் வெகுநேரம் பேசவில்லை.

அந்த இடத்தில் டைமிங்கைக் குறைத்தே வைத்துவிட்டார்கள். பிறகு, நாக் வரவே வழியில்லாதபடி ஸ்பார்க்கை எல்லா இடத்திலும் தாமதமாக்கி, 500 ஆர்.பி.எம்.முக்கு ஒரு தரம் இந்த இன்ஜினின் சகஜமான சத்தத்தைப் பதிந்து, கம்ப்யூட்டரில் பழைய அளவுக்குப் பதில் ஏற்றினார்கள். இரண்டு சாயங்காலம் ஆனது.

பில்லில் அதற்குத் தனி வரி போட்டிருந்தார் மெக்கானிக்: 'சத்தம் எழுதிய கூலி.'