வரிசை தப்பாமல்

2024 நாட்குறிப்பின் சில பக்கங்கள், திருவனந்தபுரம்

பிப்ரவரி 25, ஞாயிறு

ஆற்றுகால் பொங்காலை. கரமனையில் எங்கள் தெரு முழுக்கச் செங்கல் அடுப்பு. நாகர்கோவிலிலிருந்து மனைவியின் அத்தையும் சித்தியும் நேற்றே வந்து, விடியுமுன் வாசலில் இடம் பிடித்துவிட்டார்கள். வீட்டு ஆண்களுக்கு இன்று இரண்டே வேலை: கேட்டவர்களுக்கெல்லாம் மோர் ஊற்றுவது, கொதும்பும் ஓலையும் எடுத்துக் கொடுப்பது.

எனக்கு இந்தத் திருவிழாவில் பிடித்தது பாட்டு. காப்புக் கட்டும் நாளில் கோயில் முன் பந்தலில் தோற்றம்பாட்டு தொடங்குகிறது. கண்ணகி கதை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒன்பதாம் நாளான இன்று காலை பாண்டியன் வதம். அந்தப் பகுதி பாடி முடிந்ததும் கருவறை விளக்கிலிருந்து தீ எடுத்துக் கோயில் அடுப்பை மூட்டுகிறார்கள். அங்கிருந்து அடுப்புக்கு அடுப்பு கைமாறி எங்கள் தெரு வரைக்கும் தீ வந்து சேர்கிறது. 2009-இல் 25 லட்சம் பெண்கள் பொங்கலிட்டதாகக் கின்னஸ் பதிவு. அத்தனை பேரும் ஒரு பாட்டு தன் இடத்துக்கு வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். பாடுகிறவர் நடுவில் இரண்டு பகுதியைத் தாண்டிக் குதித்தால் ஊரில் ஒரு பானையும் பொங்காது.

வெள்ளிக்கிழமை இரவு ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ பார்த்தோம். கொடைக்கானல் குணா குகையில் விழுந்த பையனை நண்பன் இறங்கித் தூக்கிவருகிறான். அந்த இடத்தில் ‘கண்மணி அன்போடு’ எழுகிறது. மலையாளிகள் நிறைந்த அரங்கம், 1991-இன் தமிழ்ப் பாட்டு, முழுத் தொண்டையில் விசில். சுஷின் ஷ்யாமின் பின்னணி இசை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தின் உச்சிக்கு அவர் இளையராஜாவை அழைத்திருக்கிறார். சொந்த மெட்டை ஒதுங்கி நிற்கச் சொல்ல ஒரு இசையமைப்பாளருக்குத் துணிச்சல் வேண்டும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

விஷுவும் சித்திரை ஒன்றும் ஒரே நாளில். பக்கத்து வீட்டு அம்மச்சி மகளுக்குக் கைநீட்டம் கொடுத்தார். வெயில் காலை ஏழு மணிக்கே முதுகில் ஏறுகிறது. தேர்தல் இன்னும் பன்னிரண்டு நாளில். சினிமாப் பாட்டு மெட்டில் வேட்பாளர் பெயரை வைத்துப் பாடிக்கொண்டு வண்டிகள் தெருத்தெருவாகப் போகின்றன.

மகள் வாயில் ‘ஆவேசம்’ படத்தின் ‘இலுமினாட்டி’. டப்ஸீ பாடியது. படம் வந்து மூன்று நாள்தான் ஆகிறது, பாட்டு அதற்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டது.

“மக்களே, இந்தப் படத்துல வேற என்னென்ன பாட்டு இருக்கு?”

“ஒண்ணொண்ணா விடுவாங்கப்பா. விட விடத்தான் தெரியும்.”

சரிதான். முதலில் ஒரு பாட்டு, வரிகள் ஓடும் வீடியோவோடு. கொஞ்ச நாள் கழித்து இன்னொன்று. எல்லாம் சேர்ந்து ஒரு தொகுப்பாக நிற்கும்போது யாருக்கும் அதன் மேல் ஆவல் மிச்சமில்லை. ‘ஆடுஜீவிதம்’ படத்துக்கும் அதே கதிதான். ‘பெரியோனே’ எல்லாருடைய கைப்பேசியிலும் ஒலிக்கிறது. 1992-இல் ‘யோத்தா’ செய்த ரகுமான் இத்தனை வருடம் கழித்துப் பாலைவனத்தை வைத்துக்கொண்டு என்னென்ன செய்திருக்கிறார் என்று முழுத் தொகுப்பையும் கேட்ட ஒருவரை அலுவலகத்தில் தேடினேன். ஒருவரும் அகப்படவில்லை.

இந்த ஆண்டு எனக்கொரு விதி வைத்துக்கொள்கிறேன். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, வரிசை மாற்றாமல், ஒரே உட்காரலில் கேட்கவைத்தது எதுவோ அதுதான் டிசம்பர் பட்டியலில் ஏறும். தனிப் பாட்டு எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் வெளியே.

மே 26, ஞாயிறு

நான்கு நாளாக மழை. பருவமழை இன்னும் வரவில்லை என்கிறார்கள்; வந்தால் என்ன ஆகுமோ. மதியம் மின்சாரம் போனது. கைப்பேசியில் இறக்கிவைத்திருந்த பெத் கிப்பன்ஸின் ‘லைவ்ஸ் அவுட்குரோன்’ தொகுப்பை ஹெட்போனில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

போர்டிஸ்ஹெட் குழுவில் பாடிய அதே பெண்மணி. தொண்ணூறுகளில் கேட்ட குரலில் இப்போது வயது ஏறியிருக்கிறது. அதை மறைக்க அவர் முயலவே இல்லை. முதுமை, நெருங்கியவர்களின் சாவு, இனி குழந்தை இல்லை என்று உடம்பு சொல்லிவிடும் பருவம். பத்துப் பாட்டிலும் இவைதான். செய்து முடிக்கப் பத்து ஆண்டு எடுத்துக்கொண்டாராம். வழக்கமான டிரம் சத்தம் வேண்டாமென்று பெட்டியையும் பாத்திரத்தையும் தட்டியிருக்கிறார்கள். இரண்டாம் பாட்டில் குழந்தைகள் கூட்டாகப் பாடுகிறார்கள். அதைத் தனியாகக் கேட்டால் இனிமையாக இருக்கும். முதல் பாட்டின் இருட்டுக்குப் பின் கேட்டால் வயிற்றைப் பிசைகிறது. விதிக்கு முதல் வெற்றி.

இதற்கிடையில் ‘கண்மணி அன்போடு’ விஷயமாக இளையராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய செய்தி. அலுவலகத்தில் இரண்டு கட்சி. “அண்ணா, அந்தப் பாட்டு இல்லேங்கில் படம் உண்டோ?” என்று எதிர் மேஜை நண்பர் கேட்டார். படம் இல்லாமல் இந்தப் பிள்ளைகளுக்கு அந்தப் பாட்டு கிடைத்திருக்குமா என்று அடுத்த மேஜை. உரிமை யாருடையது என்பதை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் சிக்கல் சின்னது: 2024-இன் சிறந்த பாட்டு 1991-ஐச் சேர்ந்தது என்றால் அதை எந்தப் பட்டியலில் எழுதுவது?

ஜூன் 16, ஞாயிறு

அரூஜ் அஃப்தாபின் ‘நைட் ரெய்ன்’. ஒன்பது பாட்டு, இரவைச் சுற்றியவை. பாகிஸ்தானைச் சேர்ந்தவர், நியூயார்க்கில் இருக்கிறார். ‘நா குல்’, ‘சாக்கி’ இரண்டுக்கும் வரிகள் ஹைதராபாத்தின் மஹ் லகா பாய் சந்தாவுடையவை. அந்த அம்மாள் மறைந்தது 1824-இல். சரியாக இருநூறு ஆண்டு. ‘சாக்கி’யில் பியானோ நம்முடைய விஜய் ஐயர். உருது, ஆங்கிலம், ஹைதராபாத், நியூயார்க் எல்லாம் ஒன்றோடொன்று முட்டாமல் போகின்றன. காரணம் அவர் அவசரமே படுவதில்லை. மூன்றாவதாக உலகமே பாடிச் சலித்த ‘ஆட்டம் லீவ்ஸ்’ வருகிறது. அதற்கு முன்னிரண்டு பாட்டில் நம் காதை மெதுவாக்கி வைத்திருப்பதால் அது புதுப்பாட்டாகக் கேட்கிறது.

இந்தத் தொகுப்பை இரவில்தான் கேட்க முடிகிறது. காலையில் பேருந்தில் போட்டுப் பார்த்தேன். கண்டக்டரின் விசிலுக்கு முன் நிற்கவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

திருவோணம். வயநாட்டு நிலச்சரிவுக்குப் பிறகு அரசு ஓண வார விழாவை நிறுத்திவிட்டது. கனகக்குன்னில் விளக்கு அலங்காரமும் கூட்டமும் இல்லை. வீடுகளில் பூக்களமும் சத்தியையும் மட்டும்.

பழைய ஓணப்பாட்டுகளைத் தேடிப் போட்டேன். யேசுதாஸ் 1980-இல் வெள்ளயம்பலத்தில் தரங்கிணியைத் தொடங்கினார். ஓணம் வந்தால் தரங்கிணி கேசட்டும் வரும் என்று மாநிலமே எதிர்பார்த்திருந்த காலம் ஒன்று இருந்தது. கேசட்டில் வரிசைதான் எஜமான். ஏ பக்கத்தின் நாலாவது பாட்டு வேண்டுமென்றால் முன் மூன்றையும் கேட்டாக வேண்டும். பொத்தானை அழுத்தி ஓட்டினால் டேப் சிக்கும், பென்சிலை விட்டுச் சுற்ற வேண்டும்.

நாகர்கோவிலில் வேறொரு வழியும் இருந்தது. ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிட கேசட்டிலோ தொண்ணூறு நிமிட கேசட்டிலோ பதிந்து தருவார்கள். கல்லூரியில் படிக்கும்போது அந்தப் பட்டியலுக்கு நான் செலவிட்ட நேரத்தைப் பாடத்துக்குச் செலவிட்டிருந்தால் கலெக்டர் ஆகியிருப்பேன் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறாள்.

கடைசியாகக் காசு கொடுத்து வாங்கிய சிடி, இந்த ஊர்ப் பையன்கள் ‘அவியல்’ 2008-இல் போட்டது. கிடாரும் நாட்டுப்பாட்டும் கலந்த மலையாள ராக். நாராயண குருவின் குண்டலினிப் பாட்டை ராக் இசையில் கேட்டபோது நம் பாம்பாட்டிச் சித்தர் நினைவுக்கு வராமல் இருக்கவில்லை. செம்பழந்தியில் பிறந்த குரு தமிழும் கற்றவர்தானே. சிடி இன்றும் ஓடுகிறது. ஓட்டும் பெட்டிதான் பழுதாகிவிட்டது.

செப்டம்பர் 29, ஞாயிறு

‘மெய்யழகன்’. நீடாமங்கலத்தில் ஓர் இரவு. இசை கோவிந்த் வசந்தா, ‘தைக்குடம் பிரிட்ஜ்’ குழுவின் மலையாளி வயலின்காரர். தஞ்சை மண்ணின் ஏக்கத்தை ஒரு மலையாளி இப்படிப் பிடித்திருக்கிறார். கொடைக்கானல் குகைக்குள் ஒரு தமிழ்ப் பாட்டை மலையாளிகள் கொண்டுபோன அதே ஆண்டில்.

இன்னொன்றும் கவனித்தேன். ‘கண்மணி அன்போடு’ பாட்டை ‘குணா’ படத்தில் ஜானகியோடு பாடிய கமலின் குரல்தான் இங்கேயும். பிப்ரவரியில் அந்தக் குரலுக்கு முப்பத்தாறு வயது, செப்டம்பரில் அறுபத்தொன்பது. 2024 முழுவதும் ஒரே மனிதரின் இரண்டு வயதுகளுக்கு நடுவே ஓடியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து பாட்டுகளை முதலிலிருந்து கேட்டோம். சினிமாத் தொகுப்பு ஒன்று இந்த ஆண்டில் முதல்முறையாக விதியைத் தாண்டியது. பாட்டுகளுக்கு நடுவே ஒரே தாபம் வளர்கிறது. துள்ளலுக்கென்று செருகிய பாட்டு இல்லை. மனைவி பாதியில் எழுந்துபோய்த் தன் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள், பேசி வருஷக்கணக்காகிறது. இதைவிட நல்ல விமர்சனம் எனக்கு எழுத வராது.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி தொடக்கம். பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை எல்லை தாண்டி ஊருக்கு வந்துவிட்டார்கள். எங்கள் நாகர்கோவில் பக்கத்துத் தெய்வங்கள், ஆகவே உறவினரை வரவேற்கும் சந்தோஷம்.

மாலை கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம். சுவாதித் திருநாள் (1813–1846) ஒன்பது நாளுக்கு ஒன்பது கீர்த்தனையும் ராகமும் வகுத்துவைத்திருக்கிறார்: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஆரபி. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் தன் நாளுக்குரியதைத்தான் பிரதானமாகப் பாட வேண்டும். எண்ணெய் விளக்கு வெளிச்சம். கைதட்டல் கிடையாது. முதலில் முல்லைமூடு பாகவதர்கள் தோடயமங்களம் பாடுவார்கள், பிறகு கச்சேரி.

கைதட்டாமல் கேட்பது முதலில் வாயைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். அரைமணியில் பழகிவிடும். பாராட்டும் பொறுப்பு கையை விட்டுப் போனதும் காதுக்கு வேலை கூடுகிறது. இன்றைய சங்கராபரணம் அரங்கத்தை நோக்கித் திரும்பவே இல்லை. சரஸ்வதியைப் பார்த்தே பாடி முடித்தது.

வரிசையைக் கொண்டாடும் நான் இதையும் எழுத வேண்டும்: இந்த மண்டபத்தில் பெண் குரலுக்கு 2006 வரை இடமில்லை. அந்த ஆண்டு பாறசாலை பொன்னம்மாள் பாடினார், எண்பது தாண்டிய வயதில். இந்த ஊர் இசைக் கல்லூரியிலேயே படித்து அங்கேயே கற்பித்தவர். 1924-இல் பிறந்தவர், இது அவருடைய நூற்றாண்டு. அவர் பாடியதால் ராகங்களின் வரிசையில் ஒன்றும் குலையவில்லை. காக்க வேண்டிய மரபு எது, வெறும் தடை எது என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு மாலை போதுமானதாக இருந்தது.

வெளியே வந்தபோது செய்தி: ‘மெய்யழக’னில் 18 நிமிடத்தை வெட்டிவிட்டார்களாம். சுவாதித் திருநாளிடம் யாரும் இப்படிக் கேட்க முடியாது.

டிசம்பர் 16, திங்கள்

திரைப்பட விழாவுக்காக விடுப்பு. டாகூர் தியேட்டர் வாசலில் வரிசையில் நிற்கும்போதுதான் ஜாகிர் ஹுசைன் மறைவு உறுதியானது. முன்னும் பின்னும் கைப்பேசிகள். யாரோ ‘வானப்பிரஸ்தம்’ என்றார். 1999-இல் அந்தப் படத்துக்கு இசை ஜாகிர்தான். இந்த பிப்ரவரியில்தான் ஒரே இரவில் மூன்று கிராமி வாங்கினார். அதில் ஒன்று ‘சக்தி’ குழுவின் ‘திஸ் மொமென்ட்’ தொகுப்புக்கு. 1970-களில் விக்கு விநாயக்ராம் கடம் வாசித்த குழுவில் இப்போது அவர் மகன் செல்வகணேஷ்.

‘ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்’ பார்த்தேன். பாயல் கபாடியா மும்பை மழைக்கு எத்தியோப்பியக் கன்னியாஸ்திரி எமஹோய் வாசித்த பியானோவை வைத்திருக்கிறார். மலையாளம் பேசும் செவிலியர்களின் தனிமைக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்று விளக்கத் தெரியவில்லை, பொருந்துகிறது.

இரவு கணவ்யாவின் ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’. தமிழ்நாட்டில் வளர்ந்தவர். ஹூஸ்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களைக் கூட்டி, ஆலிஸ் கோல்ட்ரேனின் பஜனை வழியைப் பின்பற்றிச் செய்த தொகுப்பு. பாதியில் நிறுத்த மனம் வரவில்லை.

டிசம்பர் 31, செவ்வாய்

பட்டியல்:

1. மெய்யழகன்
2. லைவ்ஸ் அவுட்குரோன்
3. நைட் ரெய்ன்
4. டாட்டர் ஆஃப் எ டெம்பிள்

ஐந்தாவதாக ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ போட ஆசை, விதி இடம் தரவில்லை. ‘கண்மணி அன்போடு’ எந்த ஆண்டுக்கு என்பதும் தீரவில்லை.

மகளிடம் காட்டினேன். அவள் தன் பட்டியலைக் காட்டினாள். எல்லாம் தனித்தனிப் பாட்டு: ஹனுமான்கைண்டின் ‘பிக் டாக்ஸ்’, ‘பெரியோனே’, ‘இலுமினாட்டி’, நடுவில் ஒரு ‘கண்மணி அன்போடு’.

“பெரியோனேயை முதல்ல போடலாமே?”

“முடியாதுப்பா. பிக் டாக்ஸ் முடிஞ்சதும் அது வந்தாத்தான் நல்லாருக்கும். நீங்க மாத்தாதீங்க.”

வருஷம் முழுக்க வரிசை போச்சு என்று நான் புலம்பிக்கொண்டிருக்க, கம்பெனி உதிரியாய் விட்டதையெல்லாம் இவள் உட்கார்ந்து கோத்திருக்கிறாள். எதற்குப் பின் எது என்பதில் மண்டபத்து விதியைவிடக் கறார்.

ஐந்தாம் இடத்துக்கு அவள் பட்டியலையே எழுதலாம். ஆனால் விதி விதிதான்: முழுவதையும் ஒரே உட்காரலில் கேட்டாக வேண்டும். மொத்தம் நான்கு மணி நேரமாம். ஜனவரியில் ஒரு ஞாயிறு ஒதுக்க வேண்டும்.