மத்தி மீனும் வீட்டுக் கணக்கும்

காரைக்குடிக்குக் கடல் கிடையாது. தொண்டி, கோட்டைப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கத்திலிருந்துதான் மீன் வரவேண்டும். நான் காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, மத்திய அரசு அலுவலகக் குமாஸ்தாவாக இந்த ஊருக்கு வந்து, இங்கேயே ஓய்வு பெற்றவன். மனைவிக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு என் பொறுப்பு.

நான் வாங்குவது மத்தி. தெற்கே சாளை என்பார்கள். "மாமா, வஞ்சிரம் வாங்கலாமே, பிள்ளைகளுக்கு முள் இருக்காது" என்பாள் மருமகள். அவள் சொல்வதும் நியாயம்தான். ஆனால் குமாஸ்தா புத்தி கணக்குப் பார்க்காமல் விடாது.

போன வாரக் கணக்கு இது. மத்தி 1 கிலோ 160 ரூபாய். சின்ன வெங்காயம், தக்காளி, பூண்டு 35. நல்லெண்ணெய், புளி, தூள் வகைகள் 45. ஆக மொத்தம் 240. சாப்பிட்டவர்கள் 6 பேர். தலைக்கு 40 ரூபாய். அந்த 240 ரூபாய்க்கு வஞ்சிரம் கால் கிலோ கிடைத்தால் அதிகம். இரண்டு மூன்று துண்டு வரும்.

துண்டு எண்ணிப் பரிமாறும் வீட்டில் சமைத்தவளுக்கு மிஞ்சுவது குழம்புதான். என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டார். "எனக்கு மீனைவிடக் குழம்புதான் பிடிக்கும்" என்பார். நாங்களும் நம்பினோம். மத்தி வாங்கிய நாட்களில் மட்டும் அவர் தட்டிலும் முள் இருக்கும். அதைப் பிறகு நினைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

மத்தி வாங்குவதில் கவனம் வேண்டும். பிரெஞ்சில் மீனுக்கும் விஷத்துக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். நடுவில் இரண்டு 'எஸ்' போட்டால் மீன், ஒன்று போட்டால் விஷம். எண்ணெய்ச் சத்துள்ள மீன் என்பதால் இது சீக்கிரம் கெடும். கண் தெளிவாக இருக்கவேண்டும், செவுள் சிவப்பாக இருக்கவேண்டும், வயிறு உடைந்திருக்கக் கூடாது.

மானாமதுரை மண்சட்டியில் நல்லெண்ணெய் காயவைத்து வெந்தயம், சோம்பு, கறிவேப்பிலை தாளியுங்கள். உரித்த சின்ன வெங்காயம் இருபது, பூண்டு பத்துப் பல், தக்காளி இரண்டு போட்டு வதக்குங்கள். மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, மல்லித்தூள் 3, கொஞ்சம் மஞ்சள். எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றி, உப்புப் போட்டு, எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிடுங்கள். கடைசியில் மீன், ஏழெட்டு நிமிடம் போதும். கரண்டி போட்டுக் கிளறினால் மீன் உடையும். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுழற்று சுழற்றினால் போதும். காலையில் வைத்து இரவில் சாப்பிட்டால் புளியும் காரமும் மீனில் ஏறியிருக்கும்.

நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போதும் நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் மத்தி ஓரளவு கிடைக்கும். ஆனால் இந்த மீன் என்றைக்கும் மலிவாக இருக்கும் என்று சொல்ல முடியாது. கேரளத்தில் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் மத்தி பிடிபட்டது. 2021-ல் அது சுமார் 3,300 டன்னாக விழுந்தது என்கிறது மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். கடலின் போக்கு மாறினால் முதலில் அடி வாங்குவது ஏழையின் சட்டிதான்.

பேரனுக்கு இப்போது முள் எடுக்கக் கற்றுக்கொடுத்து வருகிறேன். நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுக்கப் பழகிவிட்டான். போன வாரம் நாலு மீன் சாப்பிட்டான். மருமகளும் மூன்று சாப்பிட்டாள். சட்டியில் இன்னும் மீன் இருந்தது.