பார்க்காத ஆட்டத்துக்கு நான் சொன்ன தீர்ப்பு

எங்கள் தெருப் பெண் ஒருத்தி பல்கலைக்கழக ஹாக்கி அணியில் ஆட வேண்டியவள். ஆடவில்லை. அதற்கு நான் ஒரு காரணம். வீட்டில் பணமுடை இருந்தது, செமஸ்டர் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது என்று வேறு காரணங்களைச் சொல்லி நான் ஒதுங்கிக்கொள்ளலாம். இத்தனை நாள் அப்படித்தான் ஒதுங்கியிருந்தேன். ஆனால் அவளுடைய அப்பா அனுப்பலாமா வேண்டாமா என்று தவித்தபோது தேடி வந்து கேட்டது என்னை. அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுதிவைக்கிறேன்.

குத்தம்பாக்கத்தில் சாயங்காலம் டீக்கடையில் கூடும் எங்கள் கூட்டத்துக்கு ஹாக்கி புதிதல்ல. ஒருவர் ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் பெரம்பூர் ஐ.சி.எஃப்.காரர், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஷிஃப்ட் போய் வருகிறவர்கள் இரண்டு மூன்று பேர். கிரிக்கெட் ஒரு பக்கம் ஓடினாலும், தொழிற்சாலை டீம்களின் ஹாக்கியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தப் பெண் படித்த கல்லூரியின் மகளிர் அணி கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மேலே வரத் தொடங்கியதும் பேச்சு சூடு பிடித்தது. "இந்த வாட்டி கப்பு நம்ம பொண்ணுங்களுக்குத்தான்" என்றார் ஐ.சி.எஃப்.காரர். ஃபார்வர்டு லைன் போதாது, கோல்கீப்பர் குட்டை, பெனால்டி கார்னர் எடுக்க ஆளில்லை என்று அடுக்கியவன் நான். மணிக்கணக்காகப் பேசினோம். எங்களில் ஒருவர்கூட அந்த அணியின் ஒரு ஆட்டத்தையும் நேரில் பார்த்ததில்லை. ஜெயித்தார்களா தோற்றார்களா என்பதே அவளுடைய அப்பா சொல்லித்தான் தெரியும்.

என் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருந்தது. காலேஜிலும் பிறகு கம்பெனி டீமிலும் ரைட் ஹாஃபாக ஆடியவன். மொரம்பு மண்ணில் விழுந்து முட்டி தேய்ந்த தழும்பு இன்னும் இருக்கிறது. 1975 உலகக் கோப்பையை வென்ற அணியில் சென்னையின் வி.ஜே. பிலிப்ஸ் இருந்ததையும், 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் நம் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் தங்கம் வந்ததையும் நான் சொல்ல ஆரம்பித்தால் கடைக்காரர்கூட வேலையை விட்டுவிட்டுக் கேட்பார். ஹாக்கி விஷயத்தில் நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

அதே மாஸ்கோவில் இந்தியப் பெண்களும் ஆடினார்கள். ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது அந்த 1980-ல்தான். ரூபா சைனி தலைமையில் போன அணி ஆஸ்திரியாவையும் போலந்தையும் ஜெயித்து நாலாவது இடத்தில் முடித்தது. தங்கத்தை ஜிம்பாப்வே கொண்டுபோனது. பாஸ்கரன் கதையை எத்தனையோ தடவை சொன்ன எனக்கு இது ரொம்ப காலம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதே இல்லை. பெண்கள் ஆடுவது ஹாக்கியில் சேர்த்தி இல்லை என்ற நினைப்பு எனக்குள் இருந்தது. வெளியே சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு தீர்ப்பும் அந்த இடத்திலிருந்துதான் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஹாக்கியே பழசாகிவிட்டிருந்தது. ஆஃப்சைடு விதியை 1990-களின் கடைசியிலேயே எடுத்துவிட்டார்கள். ஃப்ரீ ஹிட் கிடைத்தால் யாருக்கும் பாஸ் பண்ணாமல் தானே பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடலாம் என்று 2009-ல் மாற்றினார்கள். முப்பத்தைந்து நிமிஷப் பாதிகள் போய், பதினைந்து பதினைந்து நிமிஷமாக நாலு குவார்ட்டர் வந்துவிட்டது. ஆட்டத்தின் வேகம், ஆளை மாற்றும் விதம், மூச்சைச் சேமித்துவைக்கும் கணக்கு எல்லாமே வேறு. நான் மட்டும் ரைட் இன், லெஃப்ட் இன் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணை ஸ்கூல் கிரவுண்டில் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் காம்பவுண்டு சுவரில் பந்தை அடித்து, திரும்பி வருவதை மட்டையால் நிறுத்திப் பழகுவாள். மட்டையைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்து, முட்டியை மடக்கி, கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் நிறுத்துவாள். எங்கள் காலத்தில் மட்டையை நிமிர்த்தித்தான் பிடிப்போம், மண்ணில் பந்து எந்தப் பக்கம் எகிறும் என்று தெரியாதே. "கூனிக் குனிஞ்சு ஆடுது, முதுகு தாங்காது, ஸ்டைலே தப்பு" என்று டீக்கடையில் சொன்னேன். டர்ஃபில் தரையை ஒட்டி வழுக்கி வரும் பந்தை அப்படிக் குனிந்து, மட்டையை நீளவாட்டில் கிடத்தித்தான் நிறுத்த வேண்டும். அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் சரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். மொரம்பு கிரவுண்டில் நின்றுகொண்டே டர்ஃபுக்கான ஆட்டத்தை அவள் பழகிக்கொண்டிருந்தாள். அதை நான் குறை என்று சொன்னேன்.

2023 ஆகஸ்டில் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆண்களுக்கான ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி நடந்தது. மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, கடைசியில் 4-3 என்று இந்தியா ஜெயித்த ஃபைனலைப் பார்க்க பூந்தமல்லியில் பஸ் ஏறிப் போனேன். தொண்டை கட்டும் வரை கத்தினேன். நம் ஊர் கல்லூரிப் பெண்கள் ஆடுவதும் அதே சென்னையில்தான். அதற்கு நான் பஸ் ஏறியதில்லை.

அதற்கடுத்த சீசனில்தான் அவளுடைய அப்பா வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கல்லூரி அணி செமி ஃபைனல் வரை போயிருந்தது, அவளைப் பல்கலைக்கழக அணியின் உத்தேசப் பட்டியலில் எடுத்திருந்தார்கள். தென்மண்டலப் போட்டிக்கு முன்னால் பயிற்சி முகாம். தங்கிப் பயிற்சி எடுக்க வேண்டும்.

"அண்ணே, நீங்க ஆடுனவரு. அனுப்பட்டுமா? அந்த டீம் ஜெயிக்குமா?" என்றார்.

"அந்த டீமா? சவுத் ஸோனே தாண்டாதுப்பா. கேரளா, கர்நாடகா எல்லாம் வரும். முதல் ரவுண்டுல திரும்பி வர்றதுக்கு எதுக்கு ஒரு மாசம் பாழாவணும்? படிக்கச் சொல்லு."

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "பாப்பா ரொம்ப ஆசப்படுதுண்ணே" என்றார். "ஆச இருக்கும்தான். டீம்ல தெம்பு இருக்கணும்ல" என்றேன். அவர் போய்விட்டார். அவள் முகாமுக்குப் போகவில்லை. அவளுடைய இடத்தில் வேறொரு பெண் போனாள்.

ஜெயிக்குமா என்பதுதான் அன்று எங்களுக்கு முன்னால் இருந்த கேள்வி என்று நினைத்தேன். அது கேள்வியே இல்லை. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குப் படிவம் 3 என்று ஒன்று உண்டு. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவர்களுக்குக் கொடுப்பது. ரயில்வே மாதிரி சில இடங்களில் பதக்கமும் கேட்பார்கள். ஆனால் அந்தப் படிவத்துக்குக் கோப்பை தேவையில்லை, அணிக்காக ஆடியிருந்தால் போதும். முதல் ரவுண்டில் தோற்றுத் திரும்பியிருந்தாலும் அவள் கையில் அந்தக் காகிதம் இருந்திருக்கும். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் வீட்டில் அந்த ஒரு காகிதம் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. என் கம்பெனி டீமிலேயே பாதிப் பேர் மட்டை பிடித்ததால் வேலைக்கு வந்தவர்கள். எனக்கே வேலை அப்படித்தான் கிடைத்தது. அவர் கேட்டபோது அது என் நினைவுக்கு வரவில்லை. என் கணிப்பு சரியாக வர வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

தோற்கும் என்று சொல்வதில் ஒரு சொகுசு இருக்கிறது. தோற்றால் "அன்னிக்கே சொன்னேனே" என்று நிமிர்ந்து உட்காரலாம், ஜெயித்தால் சந்தோஷத்தில் யாரும் நம்மைப் பிடித்துக் கேட்கமாட்டார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கின்போதே எனக்கு இது உறைத்திருக்க வேண்டும். ராணி ராம்பால் தலைமையிலான இந்திய மகளிர் அணி முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. "பெட்டியைக் கட்டச் சொல்லு" என்றேன். அவர்கள் அயர்லாந்தை ஜெயித்தார்கள். தென்னாப்பிரிக்காவை 4-3 என்று ஜெயித்தார்கள், வந்தனா கட்டாரியா அதில் மூன்று கோல். 2021 ஆகஸ்ட் 2-ந் தேதி காலிறுதியில் ஆஸ்திரேலியாவையே 1-0 என்று சாய்த்தார்கள். குர்ஜித் கவுர் அடித்த அந்த ஒரு கோலை கோல்கீப்பர் சவிதா கடைசி வரை காப்பாற்றினார். நாலாவது இடத்தில் முடித்தார்கள். நான் சொன்னது தப்பாகப் போனதை யாரும் நினைவுபடுத்தவில்லை, நானும் நினைத்துப் பார்க்கவில்லை.

அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்ற அன்றைக்கு ஹரித்துவார் பக்கத்தில் ரோஷ்னாபாத்தில் வந்தனாவின் வீட்டுக்கு முன்னால் சிலர் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லித் திட்டினார்கள். செய்தியைப் படித்துக் கொதித்துப்போனேன். சமத்துவபுரம் கட்டிய ஊர்க்காரன் என்ற பெருமையோடு டீக்கடையில் ஆவேசமாகப் பேசினேன். நான் அவர்களைப் போல இல்லைதான். ஆனால் "கோட்டாவுல சீட்டு வாங்கத்தானே மட்டை பிடிக்குதுங்க" என்று நம் ஊர்ப் பெண்களைப் பற்றி அதே பெஞ்சில் யாரோ சொன்னபோது நான் தலையாட்டியிருக்கிறேன். மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆடுகிறவளின் ஆட்டத்தை விட்டுவிட்டு அவள் எங்கிருந்து வருகிறாள், எதற்காக ஆடுகிறாள் என்று கணக்குப் பார்ப்பதில் அவர்களும் நானும் ஒரே பாதையில் நிற்கிறோம். அவர்கள் அதில் வெகுதூரம் போனவர்கள்.

கல்லூரிப் பெண்களின் ஆட்டத்தை நான் நேரில் பார்த்தது அவளுடைய கடைசி வருஷமும் முடிந்த பிறகு. எழும்பூருக்கு வேறு வேலையாகப் போனவன், உள்ளே ஆட்டம் நடக்கிற சத்தம் கேட்டு நுழைந்தேன். டிக்கெட் கிடையாது. கேலரியில் ஆடுகிறவர்களின் தோழிகளும் இரண்டு டீச்சர்களும் மட்டும்தான் இருந்தார்கள். தண்ணீர் அடித்து நனைத்த டர்ஃப். ஒரு பக்கத்துக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. தற்காக்கும் பக்கம் கோல்கீப்பரோடு ஐந்து பேர்தான் கோல் லைனுக்குப் பின்னால் நிற்க முடியும். முகமூடி மாட்டிய ஒரு பெண், பந்தை உள்ளே தள்ளிய நொடியில் அம்பாகக் கிளம்பி, அடிக்கப்போகிறவளுக்கு நேர் எதிரே ஓடினாள். அத்தனை பக்கத்திலிருந்து அடிபட்டால் என்ன ஆகும் என்று ஆடியவனுக்குத் தெரியும். அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. பந்து அவள் மட்டையில் பட்டுத் திசை மாறியது. அடுத்த கார்னருக்கும் அவளேதான் ஓடினாள். எங்கள் காலத்தில் முகமூடியும் கிடையாது, அப்படி ஓடுகிறவனும் எங்கள் டீமில் கிடையாது. இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குப் பக்கத்தில் ஆளில்லை. முழு ஆட்டத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். எந்த டீம் ஜெயிக்கும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஊருக்கு வந்ததும் அவர் வீட்டுக்குப் போய், அன்றைக்கு நான் தெரியாமல் பேசினேன், ஆட்டத்தைப் பார்க்காமலே சொன்னேன் என்றேன். "வுடுண்ணே, அப்பவே முடிஞ்சுபோச்சு" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவள் இப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவளிடமும் சொன்னேன். "கேம்ப்புக்குப் போன பொண்ணு சவுத் ஸோன்ல மூணு மேட்ச் ஆடுச்சு பெரியப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மட்டை இன்னும் வைத்திருக்கிறாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஹாக்கி இந்தியா லீகில் 2025 ஜனவரியில் பெண்களுக்கும் முதன்முதலாகப் போட்டி வைத்தார்கள். நாலு அணிகள். ஆண்கள் பிரிவில் தமிழ்நாடு டிராகன்ஸ் இருந்தது, பெண்கள் பிரிவில் தமிழ்நாட்டுக்கு அணி இல்லை. ஆள் இல்லாததால் அணி இல்லை என்று சொல்கிறார்கள். எங்கள் தெருவில் ஓர் ஆள் இருந்தாள்.

குத்தம்பாக்கத்திலோ திருமழிசையிலோ வெள்ளவேட்டிலோ கல்லூரி ஹாக்கி டீமில் மகள் இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதை எழுதுகிறேன். டீம் ஜெயிக்குமா என்று டீக்கடையில் கேட்காதீர்கள், என்னைப் போன்ற பழைய ஆட்டக்காரனிடம் கண்டிப்பாகக் கேட்காதீர்கள். அவள் ஆடும் நாளில் ஒருமுறை மைதானத்துக்குப் போய் உட்காருங்கள். முகாமுக்குக் கூப்பிட்டால் அனுப்பிவையுங்கள்.