வாய்விட்டுச் சொல்லு, பிள்ளை

படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் பத்தாம் தரத்துக்குத் தமிழ் படிப்பித்த காலம். தவணைப் பரீட்சையில் எண்பதுக்கு மேல் எடுத்த ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, அவள் விளக்கம் எழுதியிருந்த கம்பராமாயணப் பாட்டை வாசிக்கச் சொன்னேன். விடைத்தாளில் பிழையே இல்லை. பொருள், அணி, கவிநயம் எல்லாம் வரிசையாக இருந்தன. வாசிக்கத் தொடங்கியதும் குரல் ஒவ்வோர் அடியின் முடிவிலும் வந்து நின்றது. கருத்து அடுத்த அடிக்குள் போய்த்தான் முடிகிறது. அவளோ அடிக்கு அடி மூச்சு விட்டாள். நான் ஒருமுறை பிரித்துச் சொன்னேன். அவள் திருப்பிச் சொன்னாள். மூன்றாம் முறை பாதியில் நிறுத்தி, "ரீச்சர், இது கேள்வியா? அவன் கோவத்திலயா கேக்கான்?" என்றாள்.

அந்தத் தாளைத் திருத்திப் புள்ளி போட்டவள் நான்தான். பிள்ளையில் குறை இல்லை. நாங்கள் கேட்டதற்கு அவள் எழுதியிருந்தாள். கேட்க வேண்டியதை நாங்கள் கேட்கவில்லை.

க.பொ.த. சாதாரண தரத்தில் பாடத்தின் பெயரே 'தமிழ்மொழியும் இலக்கியமும்'. பரீட்சை முழுவதும் எழுத்து. சங்கீதமோ நடனமோ நாடகமோ எடுத்த பிள்ளைக்குச் செயன்முறைப் பரீட்சை இருக்கிறது. ஒருவர் முன்னால் இருந்து பார்க்கிறார், கேட்கிறார். தாய்மொழிக்கு மட்டும் காது கொடுக்க ஆளில்லை.

இதை இந்த மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து சொல்ல வேண்டியிருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். இங்கே கூத்துப் பழக்குவதை ஒரு தடவை பார்த்தவருக்கு வாய்மொழிப் பரீட்சை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அண்ணாவியார் ஒரு வரி சொல்வார். ஆட்டக்காரர் வாங்கிப் பாடுவார். சொல் நழுவினால் மத்தளம் நின்றுவிடும். மறுகா முதலில் இருந்து. இரவுகள், மாதங்கள் அப்படியே போகும். எழுத்துக் கூட்டத் தடுமாறுகிற வயற்காரர்கூட வடமோடிக் கூத்தின் நீண்ட விருத்தத்தை எங்கே நீட்ட வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று அறிந்து பாடுவார். பொருள் தெரியாமல் அந்த இடத்தில் நீட்ட முடியாது. பிறகு சதங்கை அணி, அதன்பின் அரங்கேற்றம். வட்டக்களரியின் நாலு பக்கமும் சனம் இருக்கும். அந்தப் பாட்டை முப்பது வருடத்துக்கு முன் பாடிய கிழவரும் அதற்குள் இருப்பார். ஒரு சொல் மாறினால் விடிந்ததும் வயல் வரம்பில் அதுதான் பேச்சு.

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் வழக்குரை பாடுவதும் வாயும் காதும் காத்து வந்த செல்வம்தான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் நம் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனபோது, ஊரில் அண்ணாவிமார் வாய்வழி காத்து வைத்திருந்ததைத்தான் கொண்டுபோனார். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகளின் யாழ் நூலும் 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அறிஞர் சபையில் அரங்கேறியது. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேரப்போன உ.வே. சாமிநாதையரிடம் அவர் முதலில் செய்வித்ததும் நைடதப் பாட்டொன்றைச் சொல்ல வைத்ததுதான். ஒரு பாட்டுப் போதும், மாணவன் எங்கே நிற்கிறான் என்று தெரிய.

வாய்மொழிப் பரீட்சை வைத்தால் கூச்சமுள்ள பிள்ளை என்ன செய்யும், திக்கிப் பேசுகிற பிள்ளை என்ன செய்யும், முகம் பார்த்துப் புள்ளி போடமாட்டார்களா என்று கேட்பவர்கள் நியாயமாகத்தான் கேட்கிறார்கள். நான் படிக்கும்போது ஓர் ஆசிரியர், 'பிறகு' என்பதை நான் ஊர்ப் பேச்சில் 'மறுகா' என்று சொன்னதற்காக வகுப்பையே சிரிக்க வைத்தார். அதன்பின் இரண்டு வருடம் நான் வகுப்பில் வாய் திறக்கவில்லை. வாய்மொழிப் பரீட்சையைக் கெட்ட மனதோடு வைத்தால் அது பிள்ளையின் நாக்கைக் கட்டிவிடும். ஆகவே கூட்டத்தின் நடுவில் வேண்டாம். ஆசிரியரும் பிள்ளையும் தனியே இருந்தால் போதும். திக்குகிற பிள்ளைக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுக்கலாம். திணைக்களம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பாடசாலை மட்டக் கணிப்பீடு நம் கையில்தான் இருக்கிறது.

தமிழ் படிப்பிக்கிற ரீச்சர்மாரிடமும் சேர்மாரிடமும் கேட்பது இதுதான். அடுத்த தவணையில் பிள்ளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு பாட்டைச் சொல்லச் சொல்லுங்கள், அதைத் தன் ஊர்ப் பேச்சில் விளக்கச் சொல்லுங்கள். 'மறுகா' என்று சொன்னால் புள்ளி குறைக்காதீர்கள்.