மாரிகுப்பத்துக்கு ஒரு சீட்டு

பெங்களூரில் ஓர் இரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் எழுத்தனாகப் பணிபுரிகிறேன். பத்தாம் வகுப்புத் தேறியதோடு என் கல்வி நின்றது. கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆயினும், நம் சங்கத்து இதழைப் படிக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் ஊர் விட்டு ஊர் வந்து வாழ்பவை. ஒவ்வொரு வீட்டிலும் வயது முதிர்ந்த ஒருவர் உடன் இருப்பார். அல்லது எங்கோ தொலைவில் தனித்திருப்பார். அவர்களைப் பற்றி எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லலாம் என்று கருதியே எழுதத் துணிந்தேன். பிழையிருப்பின் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை, கூட்டம் மிகுந்த நேரம். கண்ணாடித் தடுப்பின் அடியிலுள்ள திறப்பின் வழியாக ஒரு கை நீண்டது. ஆட்காட்டி விரலுக்கு நுனி இல்லை. புறங்கையில் மை தெளித்தாற்போல் நீலப் புள்ளிகள். பாறை தெறித்துத் தோலுக்குள் தங்கிவிட்ட துகள்கள் அவை. “மாரிகுப்பம் ஒன்று” என்றது குரல். நிமிர்ந்து முகம் பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. அது என் தந்தையாரின் கை.

அன்று எனக்கு இரவுப் பணி என்று அவர் எண்ணியிருந்தார். முதல் நாள் மாலைதான் என் முறையை மாற்றியிருந்தார்கள். வீட்டில் எவரிடமும் சொல்லாமல், ஒரு துணிப்பையுடன் புறப்பட்டு வந்திருந்தார். “வீட்டுக்குப் போங்கள் அப்பா, மாலையில் பேசிக்கொள்வோம்” என்றேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நீட்டிய பணத்தை மெல்ல எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லும் பேசாமல் அவர் வரிசையை விட்டு விலகினார். என் பணிக்காலத்தில் சீட்டுக் கேட்ட ஒருவருக்கு நான் காரணமின்றி மறுத்தது அந்த ஒரு முறைதான்.

என் தந்தையார் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப் சுரங்கத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர். இருபது வயதில், 1966ஆம் ஆண்டில், குழியில் இறங்கினார். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வெளியே வந்தார். இப்போது எண்பதை நெருங்குகிறார். கல்தூசு நுரையீரலில் தங்கிவிட்டது. பத்து அடி நடந்தால் நின்று மூச்சு வாங்குவார். ஈராண்டுகளுக்கு முன் என் அன்னையார் மறைந்தார். தனியே விடலாகாது என்று என்னுடன் அழைத்து வந்தேன். பெரிய மருத்துவமனை அருகில் இருக்கிறது. வேளைக்கு உணவு, மருந்து, தனி அறை எல்லாம் இருக்கின்றன. இதற்கு மேல் ஒரு மகன் என்ன செய்ய வேண்டும் என்று எண்ணியிருந்தேன். உண்மையைச் சொன்னால், என்னைப் பற்றிச் சிறிது பெருமையும் கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. விடியற்காலை நான்கரை மணிக்கே அவர் எழுந்துவிடுவார். முதல் ஷிப்டுக்கு எழுந்த பழக்கம் அது. எங்கள் உறக்கம் கெடுமே என்று விளக்கேற்றாமல், சன்னலருகே இருட்டில் அமர்ந்திருப்பார். நாங்கள் வேலைக்கும் குழந்தைகள் பள்ளிக்கும் போன பின் மாலைவரை தனிமை. எதிர்வீட்டார் நல்லவர்கள், ஆயினும் ‘வணக்கம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அவர் குறை ஒன்றும் கூறியதில்லை. அதனால் குறை ஒன்றும் இல்லை என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

சீட்டு மறுத்த அன்று மாலை வீடு திரும்பியபோது, துணிப்பை பிரிக்கப்படாமல் மூலையில் இருந்தது. அவர் உண்டார், உறங்கப் போனார். பத்து நாட்கள் அப்படியே சென்றன. பிறகு நான்கு நாள் விடுப்பு எடுத்து, அவரை அழைத்துக்கொண்டு மாலை வண்டி ஏறினேன்.

அந்த மாலை வண்டியை அறியாதவர்கள் ஒரு முறையேனும் அதில் செல்ல வேண்டும். சுரங்கம் மூடிய பின் தங்கவயலின் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் வீடு சேர்வார்கள். உட்கார இடமிராது, நின்றபடியே உறங்குவோரும் உண்டு. எங்களுக்கும் இடம் இல்லை. என் தந்தையார் மூச்சு வாங்குவதைக் கண்டு ஓர் இளைஞன் எழுந்து இடம் தந்தான். அந்த இருமல் அவனுக்குப் பழக்கமானது போலும். “தாத்தா, நீங்கள் எந்த ஷாப்ட்?” என்று கேட்டான். இவர் சொன்னார். “எங்கள் தாத்தாவும் அங்கேதான்” என்று அவன் பெயரைச் சொல்ல, இவர் அந்தப் பெயருக்குரியவரின் பில்லை எண்ணைச் சொன்னார். குழியில் இறங்குமுன் ஒவ்வொருவரும் பெற்றுச் செல்லும் பித்தளைப் பில்லையின் எண் அது. சுரங்கம் மூடி இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அவருக்கு மறக்கவில்லை. என் வீட்டில் இருந்த மாதங்களில் பேசாத அளவு அவர் பங்காருப்பேட்டை வருவதற்குள் பேசிவிட்டார்.

பங்காருப்பேட்டையில் முதன்மைப் பாதையை விட்டுக் கிளைப்பாதை பிரிகிறது. தங்கத்துக்காகவே 1894ஆம் ஆண்டில் இட்ட பாதை. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீட்டர். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிகுப்பம் என்று நிலையங்கள் வரிசையாக வரும். மாரிகுப்பத்தோடு பாதை முடிகிறது. அதற்கு முன்பே இருபுறமும் மண்மேடுகள் தோன்றும். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்து பொன்னைப் பிரித்த பின் கொட்டிய மண் அது. சயனைடு மலை என்போம். புல்லும் அரிதாகவே முளைக்கும். காற்றடிக்கும் காலத்தில் அந்தத் தூசு வீடுகளுக்குள் வந்து படியும். நிலவொளியில் காண்போர்க்கு மிக அழகாயிருக்கும்.

இந்த ஊரின் கதையைச் சுருங்கச் சொல்கிறேன். ஜான் டெய்லர் குழுமத்தார் 1880ஆம் ஆண்டில் இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கினர். வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து நம்மவர்கள் திரள் திரளாக வந்தனர். பஞ்சமும் தீண்டாமையும் விரட்டி வந்தவர்களே மிகுதி. என் பாட்டனார் குடியாத்தத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து வந்தவர். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. பெங்களூர் நகருக்கு அது வந்தது 1905இல்தான். ஆனால் சுரங்கத்துக்கு மின்விளக்கு வந்தபோதும், தொழிலாளி மூங்கில் தட்டி வீட்டில்தான் கிடந்தான். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்துக்குச் சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கும் மேல். நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த பொன் ஏறத்தாழ 800 டன். எடுத்தவர்களின் வீட்டுப் பெண்டிர் கழுத்தில் மஞ்சட்கயிறு கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். என் அன்னையாரின் கழுத்திலும் அதுதான் இருந்தது.

நாங்கள் வீடு சேர்ந்தபோது இரவாகிவிட்டது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள். ஒரு வீட்டு இருமல் நான்கு வீட்டுக்குக் கேட்கும். பூட்டைத் திறக்கும் ஓசை கேட்டு அண்டை வீட்டுக் கிழவியார் விளக்குடன் வெளியே வந்தார். என் அன்னையாருக்குத் தோழி. எனக்குப் பெரியம்மா முறை. “வந்துவிட்டீர்களா அண்ணா? வீட்டை வாரந்தோறும் பெருக்கித்தான் வைத்திருக்கிறேன்” என்றார். இவர் திரும்பி வருவார் என்று அவருக்கு யார் சொன்னது? எவரும் சொல்லவில்லை.

மறுநாள் விடியலில் நான் கண்டதைச் சொல்ல வேண்டும். நான்கரை மணிக்குத் தந்தையார் எழுந்தார். இங்கே அவர் இருட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. லைன் முழுவதும் விளக்கு எரிந்தது. வண்டிக்குப் போகும் இளையோர் ஒருபுறம், அவர்களுக்குச் சோறு கட்டித் தரும் முதியோர் மறுபுறம். வண்டி போன பின் ஊரில் எஞ்சுவோர் பெரும்பாலும் கிழவர்கள், கிழவிகள், குழந்தைகள். பெற்றோர் இரவில் திரும்பும்வரை பேரக்குழந்தைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பி, மாலையில் பாடம் கேட்டு, உறங்கவைப்போர் இந்த முதியோரே. நகரத்தில் முதுமை ஓய்வென்று கருதப்படுகிறது. இங்கே அது மற்றொரு ஷிப்டு.

எட்டு மணியளவில் மூடிக் கிடக்கும் ஷாப்டின் இரும்புக் கோபுரத்தை நோக்கிச் செல்லும் பாதையில், ஒரு புங்கமர நிழலில், முதியவர்கள் வந்து கூடினார்கள். ஒருவர் கைத்தடியுடன், ஒருவர் பேரனின் தோளைப் பற்றி. என் தந்தையாரைக் கண்டதும், அவர் பெயரைச் சொல்லவில்லை. பில்லை எண்ணைச் சொல்லிக் கூவினார்கள். அவர் நிமிர்ந்து கையுயர்த்தினார். பிறகு அவர் இல்லாத காலத்தில் மறைந்தவர்கள் யார் யார் என்று சொன்னார்கள். மூவர். மூவர் பெயரையும் கேட்டு, சற்று நேரம் பேசாதிருந்து, பின் தேநீர் வாங்கி வரச் சொன்னார்கள்.

பேச்சு எங்கெங்கோ சென்றது. 1965ஆம் ஆண்டில் இதே சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில், இந்திய, ஆங்கிலேய, ஜப்பானிய அறிஞர்கள் கருவிகளை அமைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் கண்டறிந்தனர். உலகிலேயே முதலில் பதிவானவற்றுள் அது ஒன்று. கூட்டத்தில் மூத்தவர் ஒருவர், “அந்தப் பெட்டிகளைச் சுமந்து உள்ளே கொண்டுபோனவர்களில் நானும் ஒருவன். என்ன பிடித்தீர்கள் ஐயா, காட்டுங்கள் என்றேன். கண்ணுக்குத் தெரியாது என்றார்கள். நாங்களும் அப்படித்தான் ஐயா என்றேன்” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி முடிந்தது.

அன்று பிற்பகல் பெரியம்மா என் அன்னையாரைப் பற்றிப் பேசினார். ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது மேலே லைன் வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். உடனே பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டு ஷாப்டின் வாயிலுக்கு ஓடுவார்கள். கூண்டு மேலே வரும். இறங்குவோரின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். “உன் அம்மா அழமாட்டாள். மற்றவர்களை எண்ணிக்கொண்டே நிற்பாள். உன் அப்பா வெளியே வந்தால்கூடப் போகமாட்டாள். கடைசி ஆள் வரும்வரை நிற்பாள்” என்றார். என்னிடம் அன்னையார் இதைச் சொன்னதே இல்லை. தந்தையார் திண்ணையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அவரிடம் கேட்டேன். “இங்கே மூச்சு முட்டினால் யார் இருக்கிறார்கள் அப்பா? சுரங்கத்தோடு அதன் மருத்துவமனையும் ஓய்ந்துவிட்டது. நள்ளிரவில் பெங்களூருக்கு எப்படி வருவீர்கள்?”

அவர் சிறிது நேரம் கழித்துச் சொன்னார்: “வர முடியாமற்போகலாம் தம்பி. தெரிந்துதான் சொல்கிறேன். உன் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அங்கே நான் உன் அப்பா, பிள்ளைகளுக்குத் தாத்தா, அவ்வளவுதான். அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லை. உன் அம்மா அந்த வாயிலில் நின்றதைப் பார்த்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். அவர்களும் போய்விட்டால், அவள் நின்றதே இல்லை என்றாகிவிடும்.”

பின்னும் ஒன்று சொன்னார். “உன் பாட்டனார் சாகும்வரை குடியாத்தத்துக்குத் திரும்பிப் போகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். போகவில்லை. நான் எங்கும் போகிறேன் என்று சொன்னதில்லை. இதுதான் என் ஊர்.”

அதற்கு மறுமொழி என்னிடம் இல்லை. மருத்துவத்தைப் பொறுத்தவரை நான் சொன்னதுதான் சரி என்று இன்றும் எண்ணுகிறேன். ஆயினும் அவருடைய முதுமை அவருடையது. அதை என் வசதிக்கும் என் நற்பெயருக்கும் ஏற்ப நடத்தப் பார்த்தேன் என்பதை அன்றிரவு உணர்ந்தேன்.

எஞ்சிய நாட்களில் ஆக வேண்டியவற்றைச் செய்தோம். இராபர்ட்சன்பேட்டையிலுள்ள மருத்துவர் ஒருவரிடம் அவருடைய நோய்க்குறிப்புகளைத் தந்தோம். அவசரத்துக்கு வர ஓர் ஆட்டோக்காரரைப் பேசிவைத்தோம். பெரியம்மாவின் பேரன் இரவில் தந்தையாருக்குத் துணையாகப் படுத்துக்கொள்வான்; அவனுக்குக் கணக்குப் பாடம் சொல்லித் தருவது தந்தையாரின் பொறுப்பு. மாதத்தில் இரு முறை நான் வருவதென்று முடிவாயிற்று. இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். இரவில் தொலைபேசி ஒலித்தால் என் நெஞ்சு இன்னமும் பதறுகிறது.

நான்காம் நாள் விடியலில், வேண்டாமென்று சொல்லியும் கேளாமல், தந்தையார் மாரிகுப்பம் நிலையம்வரை மெல்ல நடந்து வந்தார். வழியில் மூன்று இடத்தில் நின்றார். நிலையத்தை அடைந்ததும் என்னை நிற்கச் சொல்லிவிட்டுச் சீட்டு வரிசைக்குப் போனார். இரயில்வே ஊழியனாகிய என் சட்டைப்பையில் இலவசப் பயணச்சீட்டு இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. தம் பணத்தை நீட்டி, “பெங்களூர் ஒன்று” என்றார். உள்ளிருந்தவர் உடனே தந்துவிட்டார்.

அந்தச் சீட்டை என் பணிமேசையில் வைத்திருக்கிறேன். அன்பர்களே, உங்கள் வீட்டு முதியவர் ஊருக்குப் போக வேண்டும் என்றால், மருந்தையும் வசதியையும் எண்ணுவதற்கு முன், அங்கே அவரை அறிந்தவர் எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று ஒரு முறை கேளுங்கள். கேட்ட பின் உடன் வைத்துக்கொள்வதோ அனுப்புவதோ உங்கள் குடும்பத்தின் முடிவு. நான் கேட்பதற்குப் பல மாதங்கள் பிடித்தன.