அன்றன்றைக்கு வேண்டிய பெலன்



 

சபைகுருவாகிய என்னிடம் இத்தனை ஆண்டுகளில் பலரும் பல விதமாகக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது மனம் திடமாயிருக்கிறது. செவ்வாய்க்கிழமை குழுக்கடன் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும்போது அந்தத் திடம் எங்கே போய்விடுகிறது?" இப்படிக் கேட்பவர்களை விசுவாசத்தில் குறைந்தவர்கள் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. விடியுமுன்னே கரையில் மீன் எடுத்து, கூடையைச் சுமந்து தெருத்தெருவாய் விற்கிற தாய் கேட்கிறார். கடைமடையில் தண்ணீருக்காகக் காத்திருக்கும் விவசாயி கேட்கிறார். வாரந்தோறும் டயாலிசிஸ் சிகிச்சைக்காகக் கணவரைப் பேருந்தில் ஏற்றி அழைத்துச் செல்லும் மனைவி கேட்கிறார். எல்லாருடைய கேள்வியின் உட்பொருளும் ஒன்றே. விசுவாசம் பெலன் தருமென்றால், அந்தப் பெலன் ஏன் கையிருப்பாய் நிற்பதில்லை?

இதற்குரிய மறுமொழியை யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் காண்கிறேன். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா பொழிந்தது. ஆனால் அது ஒரு மாதத்துக்கென்று மொத்தமாய்ப் பொழியவில்லை. காலைதோறும் அவரவர் குடும்பத்துக்கு வேண்டிய அளவைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். நாளைக்கு என்ன ஆகுமோ என்று பயந்து எடுத்து வைத்தவர்களுடையது மறுநாள் கெட்டுப்போயிற்று. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மாத்திரம் இரண்டு நாட்களுக்கு உரியது கிடைத்தது, அது கெடவுமில்லை. நம் ஆண்டவர் சீஷருக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தபோதும், ஆண்டு முழுமைக்குமான ஆகாரத்தைக் கேட்கச் சொல்லவில்லை. அன்றைய ஆகாரத்தையே கேட்கச் சொன்னார். பெலனும் அவ்வாறே. நாளைய தினத்துக்கு வேண்டிய பெலன் இன்று என் கையில் இல்லையே என்று நாம் கலங்குகிறோம். அது கொடுக்கப்படும் காலை இன்னும் விடியவில்லை, அவ்வளவே.

காவிரிப் படுகையில் வாழும் நமக்கு இது விளங்காத காரியமன்று. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். அணை நிரம்பித் ததும்பினாலும், கடைமடை விவசாயிக்கு உரியது அவர் வாய்க்காலில் வந்து சேரும் தண்ணீர் மட்டுமே. அணையை எவரும் தம் வயலுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொள்ள முடியாது. மடையைத் திறப்பதும் வரப்பைக் காப்பதுமே அவருடைய வேலை. சில ஆண்டுகளில் தண்ணீர் கடைமடையை எட்டாமலே போவதும் உண்டு; அந்த இடத்தில் இந்த உவமை நின்றுவிடுகிறது. தேவனுடைய கிருபைக்குக் கடைமடை என்று ஒன்றில்லை.

இந்த ஊரிலேயே இப்படி நாளுக்கு நாள் வாழ்ந்து சென்ற ஒருவரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப்பட்ட பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரும் ஹென்றிக் புளூட்சோ ஐயரும் 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குக்கு மறுநாள்தான் 24 வயது நிறைவடைய இருந்தது. இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தவர். உடல்நலமும் திடமானதன்று. டேனிஷ் கம்பெனியின் அதிகாரிகள் அவரை மகிழ்ந்து வரவேற்கவில்லை. தமிழில் ஓர் எழுத்தும் அறியாதவராய் வந்தார்.

அவரை நாம் மாபெரும் அருட்பணியாளராக மதிக்கிறோம், அது தகும். ஆனால் அவர் தம் நாட்களைக் கழித்த விதத்தைப் பார்த்தால், அதில் வியப்பூட்டும் காரியம் ஒன்றும் இல்லை. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். காலையில் முந்தின நாள் கற்ற சொற்களைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். தமிழ்ப் புலவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சுவடிகளைப் படித்தார். பிற்பகலில் மீண்டும் படித்தார். மாலையில் ஜெபித்தார். மறுநாளும் அதையே செய்தார். நம் சமையலறை வேலையையும் அலுவலக வேலையையும் போலச் சலிப்பூட்டும் வேலைதான் அது. அந்தச் சலிப்பின் நடுவில் அன்றன்றைக்கு வேண்டிய பெலனைப் பெற்றுக்கொண்டார்.

1708ஆம் ஆண்டு அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். அடுத்த மாதமே சிறைப்பட்டார். ஏழை விதவை ஒருத்தியின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசியதே அதற்குக் காரணமாயிற்று. கோட்டையின் தளபதி ஹாசியுஸ் அதைத் தம் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதினார். நாம் இன்று சுற்றுலாப் பயணிகளோடு நின்று கடலைப் பார்க்கிறோமே, அந்த டேன்ஸ்பர்க் கோட்டையில் அவர் நான்கு மாதத்துக்கும் சற்று அதிகமாக அடைபட்டிருந்தார்.

அன்பானவர்களே, இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். சிறைவாசம் நான்கு மாதம் என்று நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. இத்தனை நாள் என்று குறித்துவிட்டால் எந்தத் துன்பத்தையும் நாம் ஒருவாறு தாங்கிக்கொள்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் 61 நாட்கள். கஷ்டந்தான், ஆனால் ஜூன் 14 கடந்தால் விசைப்படகு கடலுக்குப் போகும் என்று கணக்குச் சொல்லலாம். மகனுடைய குடிப்பழக்கம் என்றைக்குத் தீரும்? படுக்கையில் இருக்கும் தாயாருக்கு இன்னும் எத்தனை இரவு கண்விழிக்க வேண்டும்? கணக்குத் தெரியாத துன்பத்தைத் தாங்குவதற்கு, முழுத் துன்பத்துக்கும் போதுமான பெலனை மொத்தமாய்த் தேடினால் அது கிடைக்காது, தேடுகிறவர் உடைந்துபோவார். கோட்டைக்குள் இருந்தவருக்கு ஒவ்வொரு காலையிலும் தேவையாயிருந்தது அன்று மாலை வரைக்குமான பெலன் மட்டுமே. உங்களுக்கும் அப்படியே.

அவர் வெளியே வந்தார். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு முடிந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துருக்கள் மிகப் பெரியவையாய் இருந்தபடியால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்க வேண்டியதாயிற்று. 1714இல் சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் மற்ற நிருபங்களும் அச்சாகிப் புதிய ஏற்பாடு முழுமை பெற்றது. 1718ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

இத்துடன் நிறுத்திக்கொண்டால் பிரசங்கம் இனிமையாக முடியும். விசுவாசித்தார், வெற்றி பெற்றார் என்று சொல்லி ஆமென் போடலாம். ஆனால் உண்மை அப்படி முடியவில்லை. அந்தக் கடைசி மாதங்களில் கோபன்ஹேகனிலிருந்த அருட்பணிக் குழுவினிடமிருந்து கடிந்துகொள்ளும் கடிதங்கள் வந்து அவர் உள்ளத்தைப் புண்படுத்தின. வெளியார் பகையை விட, தம்மை அனுப்பியவர்களின் குறை கூறுதல் அதிகமாய் வலிக்கும் என்பதை ஊழியம் செய்கிற எவரும் அறிவர்; குடும்பத்தை நடத்துகிற எவரும் அறிவர். உடலும் தளர்ந்தது. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், தம் 36ஆம் வயதில், அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தாம் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் பண்ணப்பட்டார். இளம் மனைவியை விட்டுச் சென்றார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் புத்தகத்தோடு நின்றிருந்தது.

பல ஆண்டுகளாக இதையே நான் தியானித்து வந்திருக்கிறேன். தேவன் அவருக்கு இன்னும் பத்து வருடம் கொடுத்திருக்கலாகாதா? இதற்கு விடை எனக்குக் கொடுக்கப்படவில்லை. ஆனால் இவ்வளவு காண்கிறேன். எடுத்த வேலையை முடிப்பதற்குப் பெலன் தருகிற தேவன், முடியாத வேலையை அவர் கையில் விட்டுச் செல்வதற்கும் பெலன் தருகிறார். மிச்சமிருந்த மொழிபெயர்ப்பைப் பெஞ்சமின் சூல்ட்சே ஐயர் தொடர்ந்தார். 1728இல் வேதாகமம் முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது. 1733இல் ஆரோன் என்னும் தமிழர் இவ்வூரில் குருத்துவ அபிஷேகம் பெற்று, நம் மக்களிடையே ஊழியம் செய்தார். சீகன்பால்கு இவை இரண்டையும் காணவில்லை. பிள்ளைகளின் படிப்பு முடியுமுன்னே, வீட்டுக்கடன் அடையுமுன்னே, பிரிந்த சகோதரர் ஒப்புரவாகுமுன்னே தம் காலம் முடிந்துவிடுமோ என்று அஞ்சும் பெற்றோரே, உங்களுக்குத் தரப்பட்டது உங்கள் பங்கின் பெலன். மிச்சப் பங்குக்கும் ஆண்டவரே எஜமான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பண்டிகைக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கடல் எழும்பி வந்தது. ஜெபித்தவர்களையும் ஜெபியாதவர்களையும் அது பிரித்துப் பார்க்கவில்லை. விசுவாசம் இருந்தால் அலை அணுகாது என்று யாராவது போதித்தால், இந்தக் கரையில் பிள்ளையைப் புதைத்த பெற்றோரின் முகத்தைப் பார்த்து அவர் அதைச் சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். சிலுவையில் தொங்கின ஆண்டவரை ஆராதிக்கிற சபை அப்படிச் சொல்லவும் கூடாது.

மகனைக் கடலுக்குக் கொடுத்த மீனவர் ஒருவரை நான் அறிவேன். பல மாதங்கள் அவர் கடற்பக்கம் திரும்பவில்லை. நான் போனால் பாய் விரிப்பார், பேச்சு இராது, ஜெபித்துவிட்டு வருவேன். ஒருநாள் போனபோது, அறுந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "கடலுக்குப் போற தைரியம் இன்னும் வரலைங்கய்யா. வலை பின்னுற தைரியம் இன்னிக்கு வந்திருக்கு" என்றார். இறையியல் கல்லூரியில் நான் படித்த தடித்த புத்தகங்கள் பலவற்றைவிட அந்த ஒரு சொல் எனக்குக் கிருபையை விளக்கிற்று. தேவன் அவருக்குக் கடலுக்குரிய பெலனை அன்று தரவில்லை, வலைக்குரியதைத் தந்தார். அதை அவர் வாங்கிக்கொண்டார்.

எலியா தீர்க்கதரிசியிடமும் கர்த்தர் இவ்விதமே நடந்துகொண்டார். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். சூரைச்செடியின் கீழ் சாவை விரும்பிப் படுத்திருந்தவனைத் தூதன் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்குப் போதனையும் செய்யவில்லை. தூங்க விட்டான், சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து எழுப்பினான், மறுபடியும் தூங்க விட்டு, மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் செய்தான். பயணத்தைப் பற்றிய பேச்சு அந்த இரண்டாம் முறைதான் வந்தது. ஆகையால் தளர்ந்தவருக்கு நாம் சொல்லும் வசனத்துக்கு முன்னே ஒரு கிண்ணம் கஞ்சி போகட்டும். சுனாமிக்குப் பின் முகாம்களில் யார் யாரோ பொங்கிப் போட்ட சோற்றில், மதபேதம் பாராத கைகள் வழியாக, அன்றைய மன்னா நமக்கு வந்ததை மறவாதிருப்போம். தேவனுடைய பெலன் பெரும்பாலும் ஒரு மனிதருடைய கையில் ஏறித்தான் நம் வாசலுக்கு வருகிறது.

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்களைச் செய்து பாருங்கள். காலையில் எழுந்தவுடன், அந்த ஒரு நாளுக்காக மட்டும் ஜெபியுங்கள். அடுத்த மாதத்தை அடுத்த மாதத்தில் ஜெபிக்கலாம். பின்பு, இன்று என் கையால் செய்யக்கூடிய அடுத்த வேலை எது என்று கேட்டு அதைச் செய்யுங்கள். அது ஒரு வலைக்கண்ணை முடிவதாய் இருந்தாலும் போதும். மூன்றாவதாக, உங்கள் பாரத்தை ஒருவரிடமாவது வாய்திறந்து சொல்லுங்கள். தவணை கட்ட முடியாத வாரத்தில் வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளாதிருங்கள். சபையில் ஒரு மூத்தவரிடம் வாருங்கள், என்னிடம் வாருங்கள். விதவையின் கடனுக்காகச் சிறை சென்றவர் நட்ட சபை இது. உங்கள் கடனைக் கேட்டு முகம் சுளிக்க அதற்கு உரிமையில்லை.

ஜெபிப்போம். இரக்கமுள்ள பிதாவே, நாளைய பயத்தை இன்றே சுமந்து களைத்துப்போன உம்முடைய பிள்ளைகளைக் கண்ணோக்கியருளும். இன்றைக்கு வேண்டியதை இன்றைக்குத் தாரும். எங்களால் முடியாததை உம்முடைய கையில் விடக் கற்றுத் தாரும். அயலாருக்கு நீர் அனுப்பும் பெலன் எங்கள் கைவழியாய்ப் போகட்டும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், நல்ல பிதாவே. ஆமென்.